64 கிலோ ரம்பம்: பழைய செயின் சாக்களைத் திறந்து பார்த்தால்

இந்த எபிசோடை ஒரு மீமிலிருந்து ஆரம்பிக்கலாம். "செயின் சாவை முதன்முதலில் எதுக்காகக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா?" என்று ஒரு படம் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது என் போனுக்கு வந்துவிடும். அடுத்த படத்தில் பதில்: "பிரசவத்துக்காக." அதைப் பார்த்து அதிர்ச்சியான முகத்தோடு ஒரு பூனை. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செயின் சா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமாவும் அனிமேயும்தான். 1974இல் வந்த 'டெக்சாஸ் செயின் சா' பேய்ப்படம், இல்லாவிட்டால் 'செயின்சா மேன்'. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஓய்ந்தபிறகு, தெருத்தெருவாக விழுந்துகிடந்த மரங்களை அறுத்த அந்தச் சத்தம். கரெண்ட் இல்லை, நெட்வொர்க் இல்லை, அந்த "ர்ர்ர்ர்" மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் டாக்டர்கள் வருகிறார்கள், ஒரு புழு வருகிறது, லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கிய ஒரு மனிதர் வருகிறார், கடைசியில் நம் கைவிரல்களும் வருகின்றன. அறுபது, எழுபது வருஷப் பழைய ரம்பங்களைத் தேடிப் பிடித்து, பிரித்துச் சுத்தம் செய்து, மறுபடி ஓடவைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆட்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய. ஏன் அதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குள் இருந்த முதல் கேள்வி. பதில் தேடிப்போனால் இவ்வளவும் வந்து மாட்டியது.

மீமில் பாதி உண்மை

முதலில் அந்த மீமை முடித்துவிடலாம். அது முழுப்பொய் இல்லை. 1780களில் ஸ்காட்லாந்தில் ஜான் ஆயிட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு மருத்துவர்கள், பல் வைத்த மெல்லிய சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இரண்டு முனையிலும் கைப்பிடி. எலும்பைச் சுற்றிச் சங்கிலியைப் போட்டு, இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இழுத்து அறுக்க வேண்டும். பிரசவம் சிக்கலாகி, குழந்தை வெளியே வர வழியில்லாதபோது இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பை வெட்டி அகலமாக்குவார்கள். அதற்கு இது உதவும். கெட்டுப்போன எலும்பை எடுக்கவும் உதவும். அறுவை சிகிச்சைக்கு ஈதர் மயக்கமருந்து 1846இல்தான் வந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

ஆனால் அது நம் கண்முன் வரும் செயின் சா இல்லை. மோட்டார் கிடையாது, சங்கிலி சுற்றாது. சுற்றும் சங்கிலி 1830 வாக்கில் வந்தது. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் எலும்புச் சிகிச்சைக் கருவிகள் செய்துகொண்டிருந்த பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர், ஒரு தட்டையான பட்டையைச் சுற்றிச் சின்னச் சங்கிலி ஓடுகிற கருவியைச் செய்தார். கைப்பிடியைச் சுழற்றினால் பல்சக்கரம் சுற்றும், சங்கிலி ஓடும். சுத்தியலும் உளியும் வைத்து எலும்பை உடைக்கும்போது வரும் சில்லும் அதிர்வும் இதில் இல்லை. இன்றைய செயின் சாவைப் பிரித்தால் பட்டை, பல்சக்கரம், முடிவில்லாமல் சுற்றும் சங்கிலி என்று மூன்றும் இருக்கும். ஹைனேயின் கையடக்கக் கருவியிலும் அதே மூன்றுதான்.

அப்படியென்றால் டாக்டர் கருவி காட்டுக்குப் போனதா? அப்படி நேர்க்கோடு போட முடியாது. மரம் வெட்டுபவர்கள் அதே யோசனைக்குத் தங்கள் பிரச்சினை வழியாகத் தனியாக வந்து சேர்ந்தார்கள். 1905இல் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ், கலிபோர்னியாவின் பிரம்மாண்டமான ரெட்வுட் மரங்களை அறுப்பதற்கென்று முடிவில்லாச் சங்கிலி ரம்பம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை சரி. அதை ஓட்டக் காட்டுக்குள் தூக்கிப்போகிற மாதிரி ஒரு எஞ்சின் வேண்டுமே? அதற்கு இன்னும் இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு பேர் தூக்கிய இயந்திரம்

அதுவரைக்கும் மரம் வெட்டுவது என்றால் கோடரியும், ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கிற நீள ரம்பமும்தான். நம் ஊர் மரக்கடைகளிலும் பார்த்திருப்போம்: ஒருத்தர் இழுக்க, இன்னொருத்தர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தள்ளினால் ரம்பம் வளைந்துவிடும்.

1926. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்ற எஞ்சினியர் தன் கம்பெனியைத் தொடங்குகிறார். முதல் ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. எடை 64 கிலோ. ஒரு முனையில் மோட்டாரும் ஓர் ஆளும், மறுமுனையில் கைப்பிடியும் இன்னோர் ஆளும். பிளக் இருக்கிற இடத்தில்தான் மரம் அறுக்க முடியும், காட்டில் ஏது பிளக்?

அடுத்த வருஷமே, 1927இல், எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைத் துரிங்கியா மாநிலத்தில் டோல்மார் என்ற மலையில் வைத்துச் சோதித்தார். எடை 58 கிலோ. அந்த மலையின் பெயரே பிறகு அவர் கம்பெனியின் பெயரானது. ஸ்டீலும் 1929இல் பெட்ரோல் ரம்பம் கொண்டுவந்தார்: 46 கிலோ, 6 குதிரைத்திறன். வீட்டில் இருக்கும் கேஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது கிட்டத்தட்ட 30 கிலோ. ஒன்றரை சிலிண்டரை, அதுவும் ஓடிக்கொண்டே உதறுகிற ஒன்றரை சிலிண்டரை, மலைச்சரிவில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

ஸ்டீல் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. அவர் நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினராக இருந்தவர். போர் முடிந்தபின் நேசநாடுகள் அவரைத் தடுப்புமுகாமில் வைத்தன. பழைய இயந்திரத்தின் மேல் பிரியம் வைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது உண்டு. இயந்திரத்தின் கதையைச் சொன்னால் இதுவும் சேர்ந்துதான் வரும்.

போர்க்காலத்தில் ஜெர்மன் ரம்பங்கள் வட அமெரிக்காவுக்கு வருவது நின்றுபோனது. ராணுவத்துக்கோ பாலம் கட்ட, பாதை போட, பதுங்குகுழிக்கு மரம் அறுக்க ரம்பம் வேண்டும். அதனால் அங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். கைரம்பத்துக்குப் பேர்போன டிஸ்டன் கம்பெனி, படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி கம்பெனியோடு சேர்ந்து அமெரிக்க ராணுவத்துக்கு இரண்டு ஆள் ரம்பம் செய்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற மாடல்களில் இதுவும் ஒன்று.

இந்தக் காலத்து ரம்பங்களில் ஒரு விசித்திரமான அமைப்பு உண்டு. நிற்கும் மரத்தை வெட்ட ரம்பத்தைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும், விழுந்த மரத்தைத் துண்டுபோட செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், இல்லையா? ஆனால் அன்றைய கார்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தியது ஒரு மிதவை. நம் ஃபிளஷ் டேங்கில் இருக்குமே, அதே தத்துவம். எஞ்சினைச் சாய்த்தால் மிதவை குழம்பி எஞ்சின் நின்றுவிடும். அதனால் எஞ்சினை நிமிர்ந்தபடியே வைத்துவிட்டு, பட்டையும் சங்கிலியும் இருக்கும் பகுதியை மட்டும் திருப்புகிற மாதிரி கியர்பாக்ஸ் செய்தார்கள். ஒரு சின்ன மிதவைக்காக ஒரு முழு இரும்புக் கழுத்து! அத்தனை எடைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு புழுவின் வாய்

எஞ்சின் பிரச்சினை ஒருபக்கம். இன்னொரு பிரச்சினை சங்கிலி. ஆரம்பகாலச் சங்கிலியின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் பார்த்துச் செய்தவை. சில பற்கள் நாரைக் கீறும், சில பற்கள் கீறியதைச் சுரண்டி வெளியே தள்ளும். சீக்கிரம் மழுங்கும். அரம் போட்டுத் தீட்ட ஒரு கைதேர்ந்த ஆள் மணிக்கணக்கில் உட்கார வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்று ஒரு மரவெட்டி இந்தத் தீட்டுகிற வேலையில் வெறுத்துப்போயிருந்தார். 1946இல் ஒருநாள் காட்டில் விறகு வெட்டும்போது, ஒரு மரத்துண்டுக்குள் வண்டுப்புழு ஒன்று சுரங்கம் தோண்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். விரல் பருமன் இருக்கும். நார் ஓடும் திசையிலும் போகிறது, நாருக்குக் குறுக்கேயும் அதே வேகத்தில் போகிறது. இது எப்படி என்று காக்ஸ் அதைக் கூர்ந்து பார்த்தார். புழுவின் வாயில் வளைந்த தாடைகள் இரண்டு. இடம், வலம் என்று மாறிமாறிச் சீவிக்கொண்டே போகின்றன.

அதையே இரும்பில் செய்தார். 'சி' எழுத்து மாதிரி வளைந்த பல், ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். இந்தப் பல் மரத்தைக் கீறுவதில்லை, சீவல் சீவலாகச் செதுக்கி எடுக்கிறது. 1947இல் போர்ட்லாண்ட் நகரத்தில் தன் வீட்டு நிலவறையில் வைத்து விற்பனைக்குச் சங்கிலி செய்ய ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்க ஓடும் செயின் சாக்களின் சங்கிலி எல்லாம் அந்த வம்சம்தான். அடுத்ததடவை யாராவது மரம் அறுத்த இடத்தைத் தாண்டிப்போனால் கீழே பாருங்கள். மாவு மாதிரி தூள் கிடந்தால் சங்கிலி மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். செதில் செதிலாகக் கிடந்தால் சங்கிலி கூர்மையாக இருக்கிறது, அந்தப் புழு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

லண்டன் பாலத்தை வாங்கியவர்

இப்போது ஒரே ஆள் தூக்கும் ரம்பம். 1949இல் லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட் மெக்கல்லக் என்பவரின் கம்பெனி 3-25 என்ற மாடலைக் கொண்டுவந்தது. 3 குதிரைத்திறன், 25 பவுண்டு. நம் கணக்கில் 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 1950இல் ஸ்டீல் கம்பெனியும் ஒரு ஆள் ரம்பம் விட்டது, 16 கிலோ.

மெக்கல்லக் பற்றி ஒரு கிளைக்கதை. ரம்பம் விற்று நிறையச் சம்பாதித்த மனுஷன். அரிசோனா பாலைவனத்தில், ஓர் ஏரிக்கரையில் நிலம் வாங்கி லேக் ஹவாசு சிட்டி என்று ஒரு ஊரையே உருவாக்கினார். தன் செயின் சா தொழிற்சாலையையும் அங்கே கொண்டுபோனார். ஊர் இருக்கிறது, பார்க்க ஆள் வரணுமே? அந்தச் சமயம் லண்டன் மாநகராட்சி, தேம்ஸ் நதியில் பாரம் தாங்காமல் மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்த பழைய லண்டன் பாலத்தை விற்பனைக்கு வைத்திருந்தது. 1968இல் 24,60,000 டாலர் கொடுத்து வாங்கிவிட்டார். கல்லுக்குக் கல் நம்பர் போட்டுக் கழற்றி, கப்பலில் ஏற்றி, பாலைவனத்துக்குக் கொண்டுபோய், உள்ளே கான்கிரீட், வெளியே பழைய கல் என்று மறுபடி கட்டி 1971இல் திறந்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, எடை எப்படிக் குறைந்தது? மூன்று காரணம். முதலாவது, மிதவைக்குப் பதில் டயஃப்ரம் கார்பரேட்டர். ஒரு மெல்லிய சவ்வு, எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஆடி பெட்ரோலை விடுகிறது. தலைகீழாகப் பிடித்தாலும் எஞ்சின் ஓடும். அந்த இரும்புக் கழுத்துக்கு வேலை போனது. இரண்டாவது, கியர் இல்லாமல் எஞ்சினிலிருந்து நேராகச் சங்கிலிக்கு ஓட்டம். 1959இல் வந்த ஸ்டீலின் கான்ட்ரா மாடல் அப்படித்தான்: 6 குதிரைத்திறன், 12 கிலோ. 1929இல் அதே 6 குதிரைத்திறனுக்கு 46 கிலோ தேவைப்பட்டது! மூன்றாவது, எஞ்சின் உடம்புக்கு மெக்னீசியம் வார்ப்பு. 1963இல் ஹோம்லைட் கம்பெனி விட்ட எக்ஸ்எல்-12 மாடலில் அந்த 12 என்பது எடை. 12 பவுண்டு, ஐந்தரை கிலோவுக்கும் குறைவு. கம்பெனி பெயரும் வேடிக்கைதான்: பண்ணைவீடுகளில் விளக்கெரிக்கச் சின்ன ஜெனரேட்டர் விற்றுத் தொழில் தொடங்கியவர்கள், அதனால் 'ஹோம்லைட்'.

64 கிலோவிலிருந்து ஐந்தரை கிலோ. 37 வருஷம்.

திறந்து பார்த்தால்

இந்தக் காலத்து ரம்பம் ஒன்றை என் நண்பர் ஒருத்தரின் பட்டறையில் நாங்கள் இருவரும் பிரித்தோம். நண்பர் அடிப்படையில் டூ-ஸ்ட்ரோக் பைக் மெக்கானிக். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. செயின் சாவை அவர் அதுவரை பிரித்ததில்லை. ஆனால் மூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். "இது நம்மாளு தானே!"

உண்மைதான். இந்த ரம்பத்தின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் தனியாக ஆயில் தொட்டி கிடையாது, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துவிடுகிறோம். அதனால்தான் எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஓடுகிறது, அதனால்தான் ரம்பத்துக்குப் பொருந்தியது.

பழைய ரம்பம் கைக்கு வந்தால் உடனே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பது முதல் பாடம். முதலில் சைலன்சரைக் கழற்றணும். இரண்டு போல்ட்தான் இருக்கும். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். வழவழப்பாக இருந்தால் நல்லது. கோடுகோடாகக் கீறியிருந்தால் ஆயில் குறைந்தோ காற்று கசிந்தோ எஞ்சின் சூடாகி உராய்ந்திருக்கிறது. பிறகு கம்ப்ரஷன். அதற்கு மீட்டர் இல்லையென்றால் ஒரு நாட்டுமுறை உண்டு: ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து ரம்பத்தை அப்படியே தொங்கவிட வேண்டும். சர்ரென்று கீழே இறங்கினால் ரிங் தேய்ந்துபோச்சு. தயங்கித் தயங்கி, படிப்படியாக இறங்கினால் எஞ்சினில் உயிர் இருக்கிறது.

அடுத்து நெருப்புப்பொறி. பழைய மாடல்களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிடையாது. ஃப்ளைவீலுக்கு அடியில் பாயிண்ட், கண்டென்சர். பல வருஷம் சும்மா கிடந்த ரம்பத்தில் முக்கால்வாசி நேரம் பாயிண்ட் முனையில் பச்சைப் பாசிமாதிரி ஒரு படலம் இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய், ஒரு துடை, அவ்வளவுதான். நீல நிறத்தில் பொறி வந்துவிடும். எங்களுடையதில் அப்படித்தான் வந்தது. நண்பர் விசிலடித்தார்.

அப்புறம் ரப்பர். பெட்ரோல் டியூப், டயஃப்ரம், கிராங்க் ஆயில் சீல் எல்லாம் காலப்போக்கில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. டயஃப்ரம் விரைத்துப்போனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, ஐந்து விநாடி ஓடி, செத்துப்போகும். ஆயில் சீலில் காற்று கசிந்தால் இன்னும் மோசம். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே பெட்ரோல் கலவையை உள்ளே இழுத்துத் தள்ளும் பம்ப். அங்கே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். எஞ்சின் வெறிபிடித்த மாதிரி வேகமாக ஓடும். கேட்க சந்தோஷமாக இருக்கும், உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும்.

சில பழைய ரம்பங்களின் மேல் 16க்கு 1 என்று ஆயில் அளவு எழுதியிருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 60 மில்லிக்கும் மேலே. அது அந்தக் காலத்துச் சாதாரண ஆயிலுக்கான கணக்கு. இன்றைய ரம்பங்களுக்கு நல்ல டூ-டி ஆயில் 50க்கு 1 போதும், லிட்டருக்கு 20 மில்லி. பழசை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு வைத்துக்கொள்கிறார்கள்.

சங்கிலி வாங்கும்போது ஒரு கணக்கு: அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளுக்கு இடையில் அளந்து, அதை இரண்டால் வகுக்க வேண்டும். அதுதான் அந்தச் சங்கிலியின் பிட்ச். பல்சக்கரத்தின் பிட்சும் அதுவாக இருக்கணும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: மெக்னீசியம் உடம்பை கிரைண்டர் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் பற்றிக்கொண்டால் வெள்ளையாக எரியும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் அதிகமாகும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? மொத்தப் பட்டறைச் செலவையும் கூட்டினால் எங்களுக்குத் தேவைப்பட்டது ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர் செட், உப்புத்தாள், புது டயஃப்ரம், இரண்டு சீல், ஒரு டியூப். லேப்டாப் வேண்டாம், கம்பெனி பாஸ்வேர்ட் வேண்டாம். ஒட்டு போட்டு மூடிய பாகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஸ்க்ரூ. இதைச் செய்தவர் என்றைக்காவது ஒருத்தர் இதைத் திறப்பார் என்று நினைத்துச் செய்திருக்கிறார். பேட்டரி மாற்ற முடியாத போனைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

வெள்ளை விரல்

ரம்பம் ஸ்டார்ட் ஆனது. நான் பத்து நிமிஷம் பிடித்திருப்பேன். இறக்கிவைத்த பிறகும் உள்ளங்கை ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. அங்கேதான் இந்தக் கதையின் அடுத்த பாதி எனக்குத் தொடங்கியது.

1918இலேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களை ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிர்காலக் காலையில் வெள்ளைவெளேரென்று ஆகி மரத்துப்போயின. தொடர்ந்த அதிர்வில் விரலின் சிறு ரத்தக்குழாய்களும் நரம்புகளும் கெட்டுப்போகின்றன. குளிர் பட்டால் குழாய்கள் இறுக மூடிக்கொள்கின்றன. முற்றிவிட்டால் சட்டைப் பொத்தான் போடுவதுகூட முடியாது.

இதே நோய், லேசான ரம்பங்கள் வந்தபிறகு, காடுகளில் பரவியது. 64 கிலோ ரம்பத்தில் அதிர்வை வாங்கிக்கொள்ள அத்தனை இரும்பு இருந்தது, அதை நாள்முழுக்கத் தனியாக யாரும் பிடிக்கவும் இல்லை. எடை குறைந்ததும் ஒரே ஆள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, வேகமாகச் சுற்றும் எஞ்சினைக் கையில் பிடித்தார். நாம் கொண்டாடிய அந்த எடைக்குறைப்பின் மறுபக்கம் இது. ஜப்பானில் காட்டுத்தொழிலாளர்களின் இந்த நோய்க்கு 'வெள்ளை மெழுகு நோய்' என்று அர்த்தம் வரும் பெயரே வந்தது. விரல் அப்படித்தான் தெரியும், மெழுகுவத்தி மாதிரி.

தொழிலாளர்களும் மருத்துவர்களும் கேள்வி கேட்டபிறகுதான் 1960களின் நடுவிலிருந்து கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் வந்தது. 1970களின் தொடக்கத்தில் சங்கிலியை நொடியில் நிறுத்தும் செயின் பிரேக் வந்தது. பட்டையின் நுனி மரத்தில் முட்டினால் ரம்பம் எகிறி முகத்துக்கு வரும். பழைய ரம்பத்தில் அதைத் தடுக்க எதுவுமே கிடையாது. பிரிட்டனில் வெள்ளை விரலை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாகப் பட்டியலில் சேர்த்தது 1985இல். ஆலிஸ் ஹாமில்டன் எழுதி 67 வருஷம் கழித்து.

அதனால் பழைய ரம்பத்தை ஓட்டிப்பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிப்பேர் செய்யுங்கள், ஒரு கட்டையை அறுத்துப் பாருங்கள், இறக்கிவையுங்கள். தினசரி வேலைக்குப் புது ரம்பத்தை எடுங்கள். அந்த ரப்பரும் பிரேக்கும் சும்மா வரவில்லை.

ரம்பத்துக்கு எதிரே நின்றவர்கள்

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க இழுத்து அறுத்த மரத்தை ஒருத்தர் சில நிமிஷத்தில் சாய்க்க முடிந்தால், காட்டுக்கு என்ன ஆகும்? நூற்றாண்டுகள் எடுத்து வளர்ந்த காட்டுக்கும் அதை வெட்டும் கைக்கும் நடுவில் இருந்த ஒரே வேலி, வெட்டுகிறவனின் களைப்பு. செயின் சா அந்த வேலியை எடுத்துவிட்டது.

பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில், 1970களின் நடுவிலிருந்து, ரப்பர்ப்பால் எடுக்கும் தொழிலாளர்கள் இதை நேருக்குநேர் சந்தித்தார்கள். மாட்டுப் பண்ணைக்காக முதலாளிகள் செயின் சா கோஷ்டிகளை அனுப்பினார்கள். இவர்கள் மனைவி, குழந்தைகளோடு போய் அந்த ஆட்களின் முன்னால் நின்றார்கள். 'எம்பாச்சே' என்று அதற்குப் பெயர். அங்கே ரம்பம் பிடித்து நின்றவரும் தினக்கூலிதான். அவரிடம் பேசி, ரம்பத்தைக் கீழே வைக்கச் சொன்னார்கள். பலர் வைத்தார்கள். இந்த இயக்கத்தின் முகமாக இருந்த சிகோ மெண்டிஸ், 1988 டிசம்பர் 22 அன்று ஷாபுரி என்ற ஊரில் தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஆகவே "ஏன் இதைப் பழுதுபார்க்கிறார்கள்?" என்று நான் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். மூடிய பெட்டியாக இருக்கும்வரை செயின் சா வெறும் சத்தம், பேய்ப்பட ஆயுதம், இல்லாவிட்டால் மீம். திறந்தால் ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருத்தரின் பிரச்சினைக்குப் பதிலாகத் தெரிகிறது. டயஃப்ரம், சாய்த்துப் பிடிக்க முடியாமல் தவித்தவருக்கு. வளைந்த பல், தீட்டித் தீட்டிக் களைத்தவருக்கு. ரப்பர், விரல் வெளுத்துப்போனவருக்கு. காட்டுக்கான பதில் மட்டும் இயந்திரத்துக்குள் இல்லை. அதை ஆட்கள் வெளியே நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் ஊர் பழைய இரும்புக்கடையில், எஸ்டேட் குடோனில், தாத்தா வீட்டுப் பரணில் இப்படி ஒரு ரம்பம் கிடந்தால், எடைக்குப் போடும் முன்னால் பெயர்த்தகட்டைத் துடைத்து மாடல் நம்பரை ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தீர்கள் என்றால் அந்தப் போட்டோவும் சேர்த்து. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.